சராப்பிஸா, ஹெர்மானூபிஸா? அலெக்சாந்திரியா காசுகளில் தெய்வங்களை அடையாளம் காண ஆர்பிசி ஆன்லைன்

எகிப்தை ரோமானியர் ஆண்ட காலத்தில் அலெக்சாந்திரியாவில் அச்சான காசு ஒன்று கையில் இருக்கிறது. பின்பக்கத்தில் நிற்பது எந்தத் தெய்வம் என்று பிடிபடவில்லை. இணையத்தில் முதலில் போக வேண்டிய இடம், ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் நடத்தும் ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ் ஆன்லைன். சேகரிப்பாளர்கள் வாயில் அது ஆர்பிசி. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய தரவை இலவசமாகத் திறந்து வைத்திருப்பது பெரிய கொடை. ஆனால் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் கருவி என்று நினைத்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். காசைப் பார்த்து நாம் சரியான கேள்வி கேட்டால்தான் அது சரியான பதில் தரும். தலையில் என்ன, கையில் என்ன, காலடியில் என்ன என்று படிக்கத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. அது தெரியாதவருக்கு வெறும் பட்டியல்தான்.

ரோமப் பேரரசின் மாகாணங்களில் அச்சான காசுகளை வகை வகையாகப் பிரித்து எண்ணிடும் வேலை இது. அச்சுத் தொகுதிகள் 1992-இல் வரத் தொடங்கின. இணையப் பதிப்பு அவற்றின் தொடர்ச்சி. காலத்தை வைத்துத் தொகுதி பிரித்திருக்கிறார்கள். எந்தத் தொகுதி எந்தக் காலம் என்பது மனதில் இருந்தால் பாதி நேரம் மிச்சம். ஒன்றாம் தொகுதி கி.மு. 44 முதல் கி.பி. 69 வரை, இரண்டாவது 96 வரை; மூன்றாவது நெர்வா, டிராஜன், ஹாட்ரியன் என 138 வரை; நான்காவது அந்தோனினஸ் பையஸ் முதல் கொமோடஸ் வரை, 192-இல் முடிகிறது. ஐந்தும் ஆறும் செவரஸ் குடும்பத்தையும் அதன் பின் 238 வரையும் பேசும். ஏழாவது கோர்டியன்கள், எட்டாவது பிலிப், ஒன்பதாவது டிராஜன் டேசியஸில் தொடங்கும். பத்தாவது 253 முதல் 297 வரை.

எகிப்துக் காசுகளுக்குத் தனிக் கவனம் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அகஸ்டஸ் எகிப்தைப் பிடித்த பிறகும் அந்த மாகாணத்தின் பணம் மூடிய வட்டமாகவே இருந்தது. மற்ற இடங்களில் ஓடிய டினேரியஸ் என்ற வெள்ளிக் காசு அங்கே ஓடவில்லை. அலெக்சாந்திரியாவில் அச்சான, வெள்ளி கலந்த டெட்ராட்ராக்ம் என்ற காசும் செம்புக் காசுகளும்தான் ஓடின. வெளியிலிருந்து வந்தவர் கையில் இருப்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். செங்கடல் கரையில் குசெய்ர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ‘பானை ஒறி’ என்ற சொல் அதில் ஒன்றில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் தமிழ் பேசியவர்கள் அன்றாடச் செலவுக்குக் கையில் வைத்திருந்திருக்கக்கூடிய காசு இதுதான். தமிழ்நாட்டுப் புதையல்களில் பெரும்பாலும் கிடைக்கும் அகஸ்டஸ், திபேரியஸ் டினேரியஸ்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அலெக்சாந்திரியா காசு வேறு உலகமாகத் தெரியும். எழுத்து கிரேக்கம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆண்டு உண்டு. தெய்வங்களோ கிரேக்கம், எகிப்தியம், ரெண்டும் கலந்தவை, ரோமானியப் பண்புகளின் பெண் உருவங்கள் என நான்கு வரிசை. 296/297-இல் டயோக்லேஷியன் காலத்தோடு இந்த வரிசை நின்றுபோனது. மூன்று நூற்றாண்டுக்கும் மேலான இந்தக் கூட்டத்தில் ஆளைப் பிரித்தறிவதுதான் வேலை.

தளத்தைத் திறக்கும் முன் நாலு விவரம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விட்டம் மில்லிமீட்டரில், எடை கிராமில் (இரண்டு தசம இடம் வரை), ஆண்டு, பின்பக்க உருவத்தின் நிழல் வடிவம். நீரோ கால டெட்ராட்ராக்ம் 24, 25 மி.மீ. இருக்கும், 12 முதல் 13 கிராம் நிற்கும். டயோக்லேஷியனிடம் வரும்போது அதே பெயருள்ள காசு 18 முதல் 20 மி.மீ. ஆகச் சுருங்கி, ஏழெட்டு கிராம் எடையில், தடித்த வட்டாக இருக்கும். வெள்ளியும் கரைந்துவிட்டது, முந்தையதில் சாம்பல் நிறம் தெரியும், பிந்தையது செம்பு என்றே தோன்றும். செம்பு டிராக்ம் 33 முதல் 35 மி.மீ.; உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். அளவைத் தவறாக எடுத்தால் தளத்தில் வேறு மதிப்புள்ள காசைப் பார்த்து, அதே தெய்வம் என்று எண்ணி, தவறான எண்ணோடு திரும்புவோம். இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கும். காரணம், ஒரே ஆண்டில் ஒரே உருவம் டெட்ராட்ராக்மிலும் டிராக்மிலும் வரும்.

உருவத்தைப் பார்க்க ஒளியை மேலிருந்து கொட்டக் கூடாது. காசைக் கறுப்புத் துணியில் வைத்து, சின்ன விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்தில் சாய்த்து, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். பிறகு விளக்கை அசைக்காமல் காசைத் திருப்பித் திருப்பி நாலு படம். தலைமேல் இருக்கும் அணி ஒரு திருப்பத்தில் மட்டும் நிழல் விழுந்து தெரியும். அந்த ஒரு படம்தான் பெயரைச் சொல்லும். அழுக்கு மறைக்கிறது என்று ஊசியால் கீறுவதும் அமிலத்தில் போடுவதும் கூடவே கூடாது. பில்லன் எனப்படும், செம்போடு சிறிது வெள்ளி கலந்த காசின் மேல்தோல் போய்விட்டால் நுணுக்கமான கோடுகளும் அதோடு போய்விடும்.

அடுத்து ஆண்டு. இதுதான் ஆர்பிசியில் வழியைச் சட்டென்று குறுக்கித் தரும் சாவி. ரோமன் எல் எழுத்து மாதிரி ஒரு குறி, அதை அடுத்து கிரேக்க எழுத்தில் எண். ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, காமா மூன்று, டெல்டா நான்கு, எப்சிலான் ஐந்து. ஆறுக்கு எஸ் மாதிரி வளைந்த ஸ்டிக்மா. ஸீட்டா ஏழு, ஈட்டா எட்டு, தீட்டா ஒன்பது, அயோட்டா பத்து, கப்பா இருபது. ஒன்பதில் ஒரு சிக்கல்: சாவைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து தீட்டா என்பதால் அதைத் தவிர்த்து, ‘ஒன்பதாம்’ என்ற சொல்லையே நீட்டி எழுதிய காசுகள் நிறைய. எண்ணைத் தேடிக் கண்ணை வலிக்கவிட்டு, எண் அங்கே சொல்லாக இருப்பதைக் காணாமல் விடுவார்கள்.

எகிப்திய ஆண்டு ஆகஸ்ட் 29-இல் பிறக்கும். அரசர் பதவியேற்ற நாளிலிருந்து அடுத்த ஆகஸ்ட் 28 வரை முதல் ஆண்டு, அது எத்தனை சின்னதாக இருந்தாலும். ஹாட்ரியன் 117 ஆகஸ்ட் 11-இல் பதவிக்கு வந்தார். அவருடைய முதல் ஆண்டு மூன்று வாரம்கூட இல்லை. ஆகவே ஹாட்ரியனின் 11-ஆம் ஆண்டு என்பது 126/127. நீரோவின் 12-ஆம் ஆண்டு 65/66. கொமோடஸிடம் வந்தால் பலர் தடுக்கி விழுவது இன்னோர் இடம். தனியாக ஆண்டது பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுதான். காசிலோ 30 என்று இருக்கும். தந்தை மார்கஸ் அவ்ரேலியஸின் எண்ணிக்கையை மகன் அப்படியே தொடர்ந்ததுதான் காரணம். 30 என்றால் 189/190. இது தெரியாமல் ‘படித்தது தவறு’ என்று எண்ணித் தேடலை வேறு அரசருக்கு மாற்றிவிட்டால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ரோம அரசர் அவ்ரேலியனும் பல்மைராவின் வபலாத்தஸும் சேர்ந்து வரும் காசில் ஒருவருக்கு 1, மற்றவருக்கு 4 என்று இரண்டு ஆண்டு இருக்கும், இரண்டும் சரிதான்.

இனித் தேடல். விரிவான தேடல் பக்கத்தில் இடத்துக்கு அலெக்சாந்திரியா, ஆட்சிக்கு அரசர் பெயர். இவ்வளவில் நிறுத்தி, முதலில் வரும் பட்டியலை மேலோட்டமாக உருட்டிப் பார்ப்பது நல்லது. அந்த அரசரின் காசுகளில் எந்தத் தெய்வங்கள் அடிக்கடி வருகின்றன என்பது கண்ணில் பதிந்துவிடும். அதன்பிறகு பின்பக்க விவரிப்புக்கான கட்டத்தில் ஒரே ஒரு சொல் போட வேண்டும். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் போட்டால் விவரிப்பில் அதே சொற்கள் இல்லாத பதிவுகள் விட்டுப்போகும். சொல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டலும் பல விதம். சராப்பிஸ் என்பதை ஏ போட்டும் எழுதுவார்கள், ஈ போட்டும் எழுதுவார்கள். தலையில் இருக்கும் தானிய அளவைக்குக் கலத்தோஸ் என்றும் மோடியஸ் என்றும் பெயர், கலத்தோஸை கே-யில் தொடங்கியும் சி-யில் தொடங்கியும் எழுதுவார்கள். ஒன்றில் வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாமல் மற்றதையும் போட்டுப் பார்க்க வேண்டும். பொறிப்பு வழியாகத் தேடுவதைவிட உருவம் வழியாகத் தேடுவதே தேய்ந்த காசுக்கு ஏற்றது. எழுத்தில் தேடியே ஆக வேண்டும் என்றால் சிக்மா என்ற கிரேக்க எழுத்தை நாலு கோட்டு வடிவிலும் பிறை வடிவிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவுப் பக்கம் அருமையாக அமைந்திருக்கிறது. வகை எண், ஆட்சி, இடம், மதிப்பு, சராசரி எடை, விட்டம், இரண்டு பக்கத்தின் பொறிப்பும் உருவ விவரிப்பும், பழைய பட்டியல்களில் அதன் எண், கீழே தெரிந்த காசுகளின் வரிசை, அவற்றில் பலவற்றுக்குப் படம். பழைய எண்களில் ‘தத்தாரி’ என்று அடிக்கடி வரும். கெய்ரோவில் இருந்த இத்தாலியச் சேகரிப்பாளர் ஜொவான்னி தத்தாரி 1901-இல் தம் சேகரிப்புக்குப் போட்ட பட்டியலின் எண் அது. விற்பனைச் சீட்டில் தத்தாரி எண் மட்டும் எழுதியிருந்தால் ஆர்பிசி பக்கத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே தளத்தைப் பாராட்டலாம். சில இடங்களில் காசின் படத்துக்குப் பதில் சுண்ணாம்பு வார்ப்பின் படம் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நிறமும் கறையும் இல்லாத வார்ப்பில் தலையணி தெளிவாகத் தெரியும்.

விவரிப்புகளில் இடது, வலது என்பது புதியவரைக் குழப்பும். ‘இடப்பக்கம் நோக்கி’ என்றால் பார்ப்பவரின் இடது. ‘இடக்கையில்’ என்றால் அந்த உருவத்தின் சொந்த இடக்கை. முகம் நமக்கு நேராக நிற்கும் உருவத்தில் இவை இரண்டும் எதிரெதிர். நற்பேற்றின் தெய்வமான டைக்கியின் வலக்கையில் சுக்கான் என்று படித்துவிட்டுக் காசின் வலப்பக்கத்தில் சுக்கானைத் தேடினால் கிடைக்காது. அது நம் இடப்பக்கம் இருக்கும்.

கோயில் தூணில் மானும் மழுவும் கண்டால் சிவன், சங்கும் சக்கரமும் கண்டால் திருமால் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறோம். இங்கேயும் அதே பழக்கம்தான் வேண்டும். எந்த அடையாளம் யாருக்கும் பொது, எது ஒருவருக்கே உரியது என்பதைத் தளம் தனியாகச் சொல்லிக்கொடுக்காது. அதன் பெரிய குறை இதுவே. அதனால் குழப்பம் வரும் கூட்டங்களை இங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

தலைமேல் மரக்கால் வைத்தவர்கள் முதல் கூட்டம். கலத்தோஸ் என்பது நம் மரக்காலைப் போலவே தானியம் அளக்கும் பாத்திரம். தேய்ந்த காசில் உச்சந்தலைக்கு மேல் ஒரு சின்ன மேடாக மட்டும் தெரியும். அதைக் கண்டவுடன் சராப்பிஸ் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சராப்பிஸுக்கு அடர்ந்த தாடி உண்டு. ஹெர்மானூபிஸுக்கும் அதே மரக்கால்தான், ஆனால் இளமுகம், தாடி இல்லை; தோளருகே ஈச்ச ஓலையும் பாம்பு பின்னிய தூதர்கோலும் சேர்ந்து நிற்கும், முழு உருவமாக வந்தால் காலடியில் குள்ளநரி. ஆகவே மேட்டைப் பார்த்த கண் அடுத்ததாகத் தாடையைப் பார்க்க வேண்டும். தாடை தேய்ந்திருந்தால் தோளைப் பார்க்க வேண்டும். டைக்கிக்கும் மரக்கால் வரும். அவள் பெண், உடை கால் வரை இறங்கும்.

சராப்பிஸை வேறு தாடிக்காரர்களோடும் குழப்புவார்கள். ஜீயஸுக்கு மரக்கால் கிடையாது, வாகை இலை மாலைதான். அமர்ந்த ஜீயஸின் காலடியில் கழுகு, அமர்ந்த சராப்பிஸின் காலடியில் மூன்று தலை நாய் கெர்பெரோஸ். தேய்ந்தால் கழுகும் நாயும் முழங்காலருகே ஒரே கட்டியாகத் தெரியும். அப்போது தலைதான் தீர்ப்பு. ஜீயஸ் அம்மோனுக்குக் காதோரம் சுருண்ட செம்மறியாட்டுக் கொம்பு. நைலஸ் என்கிற நைல் நதித் தெய்வத்துக்கு நெற்றிக்கு மேல் அல்லி மொட்டுகள், தோளுக்குப் பின்னால் பழமும் கதிரும் நிறைந்த வளக்கொம்பு. மொட்டுகள் தேய்ந்து இரண்டு புள்ளிகளாக நின்றாலும் போதும், அது நைலஸ்தான். படுத்த நிலையில் வந்தால் அடியில் முதலையோ நீர்யானையோ இருக்கும். பக்கத்தில் ஆண்டு போல் தெரியும் அயோட்டாவும் ஸ்டிக்மாவும் நின்றால் அவசரப்பட வேண்டாம். நைலஸுடன் வரும் 16, வெள்ளம் பதினாறு முழம் ஏறிய நல்ல ஆண்டைக் குறிக்கும் எண். ஆட்சியாண்டு காசின் வேறோர் இடத்தில் இருக்கும். கதிரவன் கதிர்கள், ஆட்டுக்கொம்பு, மரக்கால், முத்தலைச் சூலம், சூலத்தைச் சுற்றிய பாம்பு எல்லாம் ஒரே தலையில் குவிந்திருந்தால் அது கூட்டுத் தெய்வ உருவம்: சராப்பிஸ், ஹீலியோஸ், அம்மோன், பொசைடன், அஸ்கிலேப்பியஸ் எனப் பலரை ஒருவராக்கியது. இதைத் தளத்தில் தேடும்போது சராப்பிஸ் என்ற ஒரு சொல் போதும். பட்டியலில் கண்ணுக்குத் தெரியும். அரிதான தாடிக்காரர் ஒருவர் குரோனோஸ்: தலையில் முக்காடு, மேலே வட்டு, அருகில் அரிவாள். அரிவாளைச் சராப்பிஸின் செங்கோல் என்று படிப்பது எளிது. வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிற்கும் பெண்கள் இரண்டாவது கூட்டம், மூன்றாம் நூற்றாண்டு டெட்ராட்ராக்மில் இவர்களே மிகுதி. முதல் நூற்றாண்டில் கால்பா, வெஸ்பாசியன் காலத்தில் பெயரையே பக்கத்தில் எழுதிவிட்டார்கள். சுதந்திரத்தின் எலியூத்தீரியா, அமைதியின் ஐரீனே என்று கிரேக்கத்தில் படித்துக்கொள்ளலாம். பிந்தைய காலத்தில் பெயர் பெரும்பாலும் இல்லை. ஆகவே கையைத்தான் படிக்க வேண்டும். டைக்கி: சுக்கானும் வளக்கொம்பும். நீதியின் டிக்காயோசினே: தராசும் வளக்கொம்பும். வளக்கொம்பு இருவருக்கும் பொது என்பதால் அதில் கண் வைத்துப் பயனில்லை. சுக்கான் தரைக்கோடு வரை இறங்கி ஊன்றி நிற்கும். தராசு நடுவெளியில் தொங்கி நின்றுவிடும், கீழே வெறுமை. தட்டுகள் முழுதும் தேய்ந்தாலும் இந்த வெறுமை காட்டிக்கொடுத்துவிடும். நாணயத்தின் தெய்வமான மொனேட்டாவுக்கும் தராசும் வளக்கொம்பும் உண்டு. அங்கே பெயர்ப் பொறிப்பு இருந்தால்தான் உறுதி. எல்பிஸ் என்னும் நம்பிக்கைக்கு வளக்கொம்பே இல்லை: ஒரு கையில் பூ, மறு கை இடுப்பருகே உடையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். ஐரீனேக்குக் கிளையும் நீண்ட தூதர்கோலும். ஒற்றுமையின் ஹோமொனோயாவுக்கு இரட்டை வளக்கொம்பு. முன்னறிவின் ப்ரொனோயாவின் கையில் ஃபீனிக்ஸ் பறவை இருந்தால் கழுகு என்று எழுதிவிடக் கூடாது. ஃபீனிக்ஸின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கும், கால்களும் நீளம்.

ஐசிஸ் தனிக் கதை. தலையில் கொம்பும் வட்டும் இறகும் சேர்ந்த சின்ன மகுடம், தோளில் சுருள் சுருளாக விழும் முடி, மார்பில் உடையின் முடிச்சு. ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தின் ஐசிஸ் வேறு தோற்றத்தில் வருவாள்: காற்றில் புடைத்த பாயை இரு கையாலும் ஒரு காலாலும் பிடித்து, கையில் கிலுக்கை. தேய்ந்த டிராக்மில் அந்தப் பாய் சிறகு மாதிரித் தெரிந்து, வெற்றித் தெய்வம் நைக்கி என்று எழுதிவிடுவார்கள். சிறகு முதுகுக்குப் பின்னால். பாய் உடலுக்கு முன்னால் வளையும். அந்த ஒரு திசையே போதும். எதிரில் அடுக்கடுக்கான கோபுரம் இருந்தால் சந்தேகமே இல்லை, அது கலங்கரை விளக்கம்.

மார்பளவு பெண்களில் டெமெட்டரும் யூத்தேனியாவும் ஒருவர்போல் தோன்றுவார்கள். இருவருக்கும் தானியக் கதிர். டெமெட்டருக்கு முக்காடும் தீவட்டியும். நைலஸின் துணைவியான யூத்தேனியாவுக்குக் கதிர் மாலையும் மார்பில் ஐசிஸ் போன்ற முடிச்சும், சாய்ந்து கிடந்தால் பக்கத்தில் ஸ்பிங்க்ஸ். அலெக்சாந்திரியா நகரத்தின் தெய்வமுகம் யானைத்தோல் அணிந்திருக்கும். தும்பிக்கை நெற்றிக்கு மேல் நீட்டும், தந்தம் கன்னத்தருகே. நீரோவின் 12-ஆம் ஆண்டு டெட்ராட்ராக்மில் இதைப் பார்த்து, சிங்கத்தோல் போர்த்திய ஹெரக்லிஸ் என்று குழம்புவது இயல்பே. தும்பிக்கையின் வளைவைத் தேடினால் தீர்ந்துவிடும். தலைக்கவசம் அணிந்தவள் ரோமாவா, அதீனாவா என்பதில் தேய்ந்த காசு அநேகமாகப் பதில் சொல்லாது. அங்கே ஆர்பிசியில் அதே ஆட்சி, அதே ஆண்டு வகைகளை வரிசையாக ஒப்பிடுவதே வழி.

பாம்புகள் இரண்டு. அகதோடைமன் நகரத்தைக் காக்கும் நல்ல தெய்வம்: சுருண்டு எழுந்த உடல், தலையில் மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டின் இணைந்த மகுடம், இரு பக்கமும் கதிரும் கசகசாக் காயும். யூரியஸ் படமெடுத்த நாகம்: கழுத்து அகன்று விரிந்திருக்கும், தலையில் வட்டும் கொம்பும். மகுடம் தேய்ந்துபோனால் கழுத்தின் அகலம்தான் பேசும். இரண்டும் எதிரெதிராக நிற்கும் காசும் உண்டு. தளத்தில் ஒன்றைத் தேடினால் மற்றதும் வந்து விழும். நீரோ தம்மையே ‘புதிய அகதோடைமன்’ என்று எழுதிக்கொண்ட டெட்ராட்ராக்ம் இந்த வரிசையில் பார்க்க வேண்டிய ஒன்று.

மனிதத் தலையுள்ள குடத்தைப் பார்த்து யாரோ ஒரு தெய்வத்தின் பூஜைப் பாத்திரம் என்று விட்டுவிடக் கூடாது. அந்தக் குடமே தெய்வம், கனோப்பஸ் ஊரின் ஒசைரிஸ். இரண்டு குடங்கள் முகம் பார்த்து நின்றால் மகுடங்கள் வேறு வேறாக இருக்கும். அவை இரு வடிவங்கள். வாயில் விரல் வைத்த பிள்ளை ஹார்ப்போக்ராட்டிஸ். அவனுக்கு ஊர் ஊராக வடிவம் மாறும். கையில் மாதுளை இருந்தால் பெலூசியம் ஊரின் வடிவம். அவனை ஈரோஸ் என்று எழுதுவார்கள்; சிறகு இல்லை என்பதைக் கவனித்தால் போதும். இரு கொம்புக்கு நடுவே வட்டும், விலாவில் பிறையும், முன்னால் பலிபீடமும் உள்ள காளை ஏப்பிஸ்.

அந்தோனினஸ் பையஸ் காலத்து டிராக்ம்கள்தான் இந்தத் தளத்தின் உச்சப் பலன். எட்டாம் ஆண்டில், அதாவது 144/145-இல், ராசிகளும் அவற்றின் அதிபதிக் கோள்களும் சேர்ந்த வரிசை. வேறு ஆண்டுகளில் ஹெரக்லிஸின் சாதனைகள். இரண்டாம் ஆண்டில் ஃபீனிக்ஸும் ‘அயோன்’ (ஊழி) என்ற சொல்லும். சிரியஸ் விண்மீனின் பெருஞ்சுழற்சி 139-இல் திரும்பியதோடு அந்த ஃபீனிக்ஸைச் சேர்த்துப் படிக்கிறார்கள். ராசிக் காசில் மேலே நிற்கும் மார்பளவு உருவத்தை வெறும் தெய்வமாகப் படித்தால் தவறும். அது அந்த ராசிக்குரிய கோள், கீழே இருக்கும் விலங்கே விடை. வரிசை முழுவதையும் ஒரே திரையில் பார்த்துவிட்டால், கையில் இருப்பது சிம்மமா தனுசா என்று தடுமாறத் தேவையில்லை. மாவட்டக் காசுகளுக்கும் இதே நன்மை. எகிப்தின் நோம் எனும் மாவட்டங்களின் பெயரும் அங்கங்கே வழிபட்ட உள்ளூர் தெய்வமும் டொமிஷியனின் 11, ஹாட்ரியனின் 11, அந்தோனினஸின் 8 ஆகிய ஆண்டுகளில் வந்தன. டிராஜன் காலத்திலும் உண்டு. இவற்றில் ஹாட்ரியனுடையவை சிறியவை, உருவமும் எழுத்தும் குட்டி. வழக்கமான தெய்வ அடையாளங்கள் இங்கே செல்லாது. மாவட்டப் பெயரின் முதல் மூன்று நாலு எழுத்தைப் படித்து, அதைக் கொண்டு தேடி, அந்த ஊர்த் தெய்வம் எது என்று பார்ப்பதுதான் முறை.

ஹாட்ரியனின் 19, 21 ஆண்டுகளில் வரும், அவரின் அன்புக்குரிய இளைஞர் ஆன்டினோஸும் கவனத்துக்குரியவர். இளைஞர் முகம், எகிப்திய மகுடம். மறுபக்கம் குதிரைமேல் தூதர்கோலோடு ஹெர்மிஸ் தோற்றத்தில் அவரே. மகுடத்தைப் பார்த்து ஹார்ப்போக்ராட்டிஸ் என்று தேடினால் கிடைக்க மாட்டார். முகப்பில் அரசரே இல்லாத காசு இது என்பதால், ஆள் என்ற கட்டத்தில் ஆன்டினோஸ் பெயரைத்தான் தேட வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முழுத் தளமும் ஆங்கிலம். சொற்கள் கலைச்சொல் அடர்ந்தவை. இடது, வலதுக்கு ஒற்றை எழுத்துச் சுருக்கம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் அடையாளங்களைப் படத்தோடு விளக்கும் ஒரு பக்கம் இருந்தால் பள்ளி மாணவர்கூடப் பயன்படுத்தலாம். தொகுதிகளுக்கு இடையே விவரிப்பின் நீளமும் கூர்மையும் ஒரே மாதிரி இல்லை. அச்சில் வந்த மூன்றாம் தொகுதியின் ஹாட்ரியன் பகுதி நிறைவாக இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் போகப் போக எண் உறுதியாகாத பதிவுகள் பெருகும். சந்தையில் மலிவாகவும் மிகுதியாகவும் வருவது கேலியனஸுக்குப் பிந்தைய டெட்ராட்ராக்ம்தான் என்பதால், தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இது உறுத்தும். அவர்கள் ஆர்பிசியில் தெய்வத்தை உறுதி செய்துகொண்டு, ஆண்டுவாரியான ஒப்பீட்டுக்கு அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையச் சேகரிப்பையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏலக் காப்பகங்களில் படம் ஏராளம், பெயர்ச்சீட்டை மட்டும் நம்பக் கூடாது. ஒருவர் ஹெர்மானூபிஸைச் சராப்பிஸ் என்று எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்வது நடக்கிறது.

தற்காலிக எண்ணை எப்படிக் குறித்து வைப்பது என்பது இன்னொரு நடைமுறை விஷயம். நான்காம் தொகுதியின் எகிப்துப் பகுதி போன்றவற்றில் எண்ணுக்கு அருகிலேயே ‘தற்காலிகம்’ என்று தளமே எழுதிவிடுகிறது. அச்சுத் தொகுதி வரும்போது அது மாறலாம். சேகரிப்புச் சீட்டில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் சில ஆண்டுகளில் வேறு காசைக் காட்டும் அபாயம் உண்டு. தொகுதி எண், தற்காலிக எண், பார்த்த தேதி, பக்கத்தின் முகவரி, கூடவே தத்தாரி எண் இருந்தால் அதுவும், கடைசியாக ‘மரக்கால் உண்டு, தாடி இல்லை, ஈச்ச ஓலை’ என்று தீர்ப்புக்கான காரணம். காரணத்தை எழுதி வைத்த சீட்டு, எண் மாறினாலும் காசை மறுபடி கண்டுபிடித்துத் தரும்.